இரத்தத் துளியின் சாட்சியமும் பி.சி.ஆர். தொழில்நுட்பமும்

2015 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் கொட்டதெனியாவப் பகுதியில் சிறுமியொருத்தி கடத்திச் செல்லப்பட்டுக் கொலைசெய்யப்பட்ட கொடூரத்தை எமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாடே கொதித்தெழுந்திருந்த அந்நாட்களில் முதலிற் கைதானவர்களுள் 17 வயதுடைய பாடசாலை மாணவன் ஒருவனும் இருந்தான். அவனைக் குற்றவாளியாகவே பலரும் தீர்மானித்துவிட்டிருந்தனர். பின்னர் டி.என்.ஏ. பரிசோதனையின் முடிவு வந்தது. அவனுக்கும் தடயங்களுக்கும் தொடர்பில்லை எனத் தெரிந்தது. அதனையடுத்து வேறொருவர் கைதானார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதாகப் பொலிஸார் தெரிவித்தனர். ஆனால் அவருடைய டி.என்.ஏ.யும் பொருந்தவில்லை. பொருந்தியது அவரது சகோதரருடையது. அந்தச் சகோதரருக்கே 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது.

ஒப்புதல் வாக்குமூலத்தையே பொய்யாக்கிய அந்தச் சான்று, கண்ணாற் காணவியலாத அளவு நுண்ணிய பொருளிலிருந்து பெறப்பட்டதாகும். அந்நுண்ணிய பொருளை வாசிக்கத்தக்க அளவுக்குப் பெருக்கித் தந்தது பொலிமரேஸ் சங்கிலித் தாக்கம் எனும் முறை. சுருக்கமாகச் சொன்னால் பி.சி.ஆர். கொரோனாத் தொற்றுக் காலத்தில் இப்பெயர் பட்டிதொட்டியெங்கும் பரவியது. எனினும், வைரசைக் கண்டறிவதற்கு நெடுங்காலம் முன்னரே இம்முறை குற்றவியல் ஆய்வுகூடங்களில் இரத்தக்கறைகளைப் பேசவைத்துக் கொண்டிருந்தது. அது எவ்வாறு பேசவைக்கின்றது, அப்பேச்சை எங்கு நம்பலாம், எங்கு நம்பலாகாது என்பவற்றையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

இரத்தம் சிவப்பாயிருப்பதற்குக் காரணமான செங்குழியங்களில் டி.என்.ஏ. இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். முதிர்ந்த செங்குழியத்தில் கரு கிடையாது. கரு இன்றேல் நிறமூர்த்தங்களும் இல்லை. எனவே ஆய்வாளர் தேடுவது வெண்குழியங்களையே. ஆரோக்கியமான ஒருவரின் ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில், அதாவது ஒரு மில்லிலீற்றரின் ஆயிரத்திலொரு பங்கில், ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரையான வெண்குழியங்கள் உள்ளன. ஒவ்வொரு கலத்திலும் ஏறக்குறைய 6.6 பிக்கோகிராம் டி.என்.ஏ. இருக்கும். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சங்கோடியில் ஒரு பங்காகும். இக்காலப் பி.சி.ஆர். பரிசோதனையொன்றுக்கு ஒரு நனோகிராம் டி.என்.ஏ. போதுமானது. சுமார் 150 வெண்குழியங்களில் அவ்வளவும் கிடைத்துவிடும். ஊசிமுனையளவு கறையே இதற்குத் தாராளம் எனலாம்.

இவ்வசதி முன்னர் இருந்ததில்லை. பிரித்தானியாவின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984 செப்டெம்பரில் கண்டறிந்த 'டி.என்.ஏ. விரலடையாள' முறைக்குப் புத்தம்புதிய, சிதையாத, நீண்ட டி.என்.ஏ. இழைகள் கணிசமான அளவில் தேவைப்பட்டன. அதே லெஸ்டர் பிரதேசத்தில் 1983 இலும் 1986 இலும் இரு பாடசாலை மாணவிகள் கொல்லப்பட்டபோது அம்முறை பயன்பட்டது. அங்கும் டி.என்.ஏ. முதலிற் செய்தது குற்றவாளியைப் பிடித்ததன்று. இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டிருந்த 17 வயது இளைஞன் ஒருவன் நிரபராதி என்பதையே அது முதலிற் காட்டியது. உண்மைக் குற்றவாளியான கொலின் பிச்ஃபோர்க் 1988 இல் ஆயுள் தண்டனை பெற்றான். கொட்டதெனியாவச் சம்பவத்துக்கும் இதற்குமிடையே ஏறத்தாழ முப்பதாண்டு இடைவெளி உண்டு. ஆனால் கதையின் ஒழுங்கு அவ்வளவாக மாறவில்லை.

பழைய கறை, மிகச் சிறிய கறை, வெயிலிற் காய்ந்த கறை ஆகியவற்றில் ஜெஃப்ரீஸின் முறை தோற்றது. அவ்விடத்தை நிரப்பியவர் அமெரிக்கரான கரி மலிஸ். கலிபோர்னியாவின் சீற்றஸ் நிறுவனத்திற் பணியாற்றிய அவருக்கு 1983 இல், ஓரிரவு தமது காரைச் செலுத்திச் சென்றுகொண்டிருந்தபோது இந்த எண்ணம் தோன்றியதாக அவரே கூறியிருக்கின்றார். நிறுவனம் அவருக்கு அளித்த ஊக்கத்தொகை 10,000 டொலர். அதே நிறுவனம் 1991 இல் அந்தக் காப்புரிமையை 300 மில்லியன் டொலருக்கு விற்றது. மலிஸுக்கு 1993 இல் இரசாயனத்துக்கான நொபெல் பரிசு கிடைத்ததை ஓர் ஆறுதலாகக் கொள்ளலாம்.

முறையின் அடிப்படை மிக எளிது. டி.என்.ஏ. என்பது ஒன்றையொன்று பின்னிய இரட்டை இழை. 95 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கினால் இரு இழைகளும் பிரிந்துவிடும். பின்னர் 60 பாகை அளவுக்குக் குளிரவிட்டால், பிறைமர் எனப்படும் குறுகிய தொடக்கத் துண்டுகள் நாம் விரும்பும் பகுதியின் இரு எல்லைகளிலும் போய் ஒட்டிக்கொள்ளும். மீண்டும் 72 பாகைக்கு உயர்த்தினால், பொலிமரேஸ் நொதியம் அத்துண்டிலிருந்து தொடங்கி எதிர் இழையை எழுதி முடிக்கும். ஒன்று இரண்டாகிவிட்டது. இதே சுற்றைத் திரும்பத் திரும்ப நடத்தினால் இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் பெருகும். சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு என வைத்துச் சென்ற கதையை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. 28 சுற்றுகளின் முடிவில், கணக்கின்படி, ஒரு துண்டு 26 கோடியே 84 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளாகின்றது. நடைமுறையில் ஒவ்வொரு சுற்றும் முழுமையாக நிறைவேறுவதில்லை. அவ்வாறாயினும் வாசிப்பதற்குப் போதுமான அளவு சில மணித்தியாலங்களிற் சேர்ந்துவிடுகின்றது.

ஆரம்பத்தில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் நொதியம் பழுதடைந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகச் சேர்க்கவேண்டும். இதற்குத் தீர்வு கிடைத்தது அமெரிக்காவின் யெலோஸ்டோன் தேசியப் பூங்காவின் கொதிக்கும் நீரூற்றிலிருந்தாகும். அங்கு வாழும் பற்றீரியா ஒன்றை தோமஸ் புறொக் என்ற நுண்ணுயிரியலாளர் 1960 களிற் கண்டறிந்திருந்தார். கொதிநீரில் வாழும் உயிரின் நொதியம் வெப்பத்தைத் தாங்கும். அந்த நொதியத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய பின்னரே முழு வேலையையும் இயந்திரமொன்றிடம் ஒப்படைக்க முடிந்தது. நீரூற்றுப் பாசியை ஆராயப் போனவர் கொலை வழக்குகளுக்குக் கருவி தேடவில்லை என்பதும் கவனிக்கற்பாலது.

இனி இரத்தக்கறைக்கு வருவோம். இரத்தம் டி.என்.ஏ.யைத் தருவது மட்டுமன்று, பி.சி.ஆர். தாக்கத்தைத் தடுக்கவும் செய்கின்றது. ஹீமோகுளோபினில் உள்ள ஹீம் எனும் இரும்புச் சேர்வை பொலிமரேஸ் நொதியத்தை முடக்கவல்லது. கறை டெனிம் துணியில் இருந்தால் அதன் நீலச் சாயமும், மண்ணில் இருந்தால் மண்ணின் மக்கற் பொருள்களும் அவ்வாறே தடைசெய்யும். ஆகவே பெருக்குவதற்கு முன்னர் சுத்திகரிப்பு இன்றியமையாதது. புரதத்தைக் கரைக்கும் நொதியத்தால் கலங்களை உடைத்து, டி.என்.ஏ.யைச் சிலிக்கா பூசிய காந்த மணிகளில் ஒட்டவைத்து, ஏனையவற்றைக் கழுவி நீக்குவது இன்று பரவலான வழி. சந்தேகநபரிடமிருந்து ஒப்பீட்டுக்காக இரத்தம் எடுக்கும்போதும் அவதானம் வேண்டும். உறைவைத் தடுப்பதற்கு ஹெப்பரின் இட்ட குழாய் பயன்படுத்தப்பட்டால் அதுவே பின்னர் தாக்கத்தைக் குழப்பிவிடும். இக்காரணத்தாற் பல ஆய்வுகூடங்கள் ஈ.டி.ரி.ஏ. இட்ட குழாய்களையே நாடுகின்றன. அதுகூட மிகையானால் நொதியத்துக்குத் தேவையான மக்னீசியம் அயன்களைப் பறித்துவிடும் என்பதால் சுத்திகரிப்பு அங்கும் தேவை.

பெருக்கிய பின் எதனை வாசிக்கின்றார்கள்? மனித டி.என்.ஏ.யின் பெரும்பகுதி எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் சில இடங்களில் நான்கெழுத்துச் சொல்லொன்று திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும். ஒருவரிடம் அது ஆறு தடவை, இன்னொருவரிடம் ஒன்பது தடவை என எண்ணிக்கை வேறுபடும். ஒவ்வோர் இடத்துக்கும் தாயிடமிருந்து ஓர் எண்ணும் தந்தையிடமிருந்து ஓர் எண்ணும் கிடைக்கும். இத்தகைய இடங்கள் 13 ஐ அமெரிக்கத் தரவுத்தளம் அடிப்படையாகக் கொண்டிருந்தது. 2017 ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து அது 20 ஆக உயர்த்தப்பட்டது. இந்த எண்களின் வரிசையே ஒருவரது டி.என்.ஏ. விபரம். ஒரே தாய்தந்தையரின் இரு பிள்ளைகளை எடுத்துக்கொண்டால், குறித்த ஓரிடத்தில் இருவரும் ஒரே சோடியைப் பெற்றோரிடமிருந்து பெறுவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. பதினைந்து, இருபது இடங்களிலும் அவ்வாறே நேர்வது நடைமுறையில் இல்லாத காரியம். கொட்டதெனியாவ வழக்கில் ஒரு சகோதரரை நீக்கி மற்றவரைச் சுட்டமுடிந்தது இதனாலேயே. ஒரே கருவில் உருவான இரட்டையர்களை மட்டும் இந்தப் பரிசோதனை பிரித்தறியாது.

இதே எண்கள் உறவையும் நிறுவுகின்றன. 2004 டிசெம்பர் 26 சுனாமியின் பின்னர் கல்முனை வைத்தியசாலையில் 81 ஆவதாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தையை ஒன்றுக்கு மேற்பட்ட தம்பதியர் தம்முடையதென உரிமைகோரினர். பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்களின் அந்தப் பரிதவிப்பில் யாரைப் பொய்யர் என்பது? 2005 பெப்ரவரியில் டி.என்.ஏ. முடிவு வெளியாகி, குழந்தை உரிய பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டது. நீதிமன்றம் சாட்சிகளை மட்டும் நம்பியிருக்குமாயின், அந்தத் தீர்ப்பைக் கல்முனையில் எல்லோரும் ஏற்றிருப்பார்களா என்பது ஐயமே.

இவ்வளவு வல்லமையுள்ள கருவிக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது குருடானது. தன் முன் வைக்கப்பட்ட டி.என்.ஏ. எங்கிருந்து வந்தது என்பதை அது அறியாது. கொலையாளியினதாயினும், தும்மிய பொலிஸ் உத்தியோகத்தரினதாயினும் ஒரே வேகத்திற் பெருக்கும்.

ஜேர்மனியில் நடந்தது இதற்குத் தக்க உதாரணம். ஹைல்ப்ரோன் நகரில் 2007 ஏப்ரலில் இளம் பெண் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அங்கு எடுக்கப்பட்ட மாதிரியில் அடையாளம் தெரியாத ஒரு பெண்ணின் டி.என்.ஏ. காணப்பட்டது. அதே டி.என்.ஏ. ஜேர்மனி, ஒஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் கொலை முதல் சில்லறைத் திருட்டு வரை சுமார் 40 சம்பவ இடங்களிற் பதிவாகியிருந்தது. மூன்று இலட்சம் யூரோ சன்மானம் அறிவிக்கப்பட்டது. ரோமா மக்கள்மீது சந்தேகப் பார்வை திரும்பியது. சிறுபான்மையினராக வாழும் எவருக்கும் இது புரியாத விடயமன்று. இறுதியில் 2009 இல் உண்மை வெளிவந்தது. அந்தப் 'பெண்' குற்றவாளியல்ல. மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைத் தயாரித்த இடத்தில் பணியாற்றிய ஓர் ஊழியர். குச்சிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருந்தன. ஆனால் கிருமிகளைக் கொல்வது வேறு, டி.என்.ஏ.யை நீக்குவது வேறு. உத்தியோகத்தரைக் கொன்றவர்கள் நவநாசிக் குழுவொன்றைச் சேர்ந்தோர் என்பது 2011 இலேயே தெரியவந்தது. டி.என்.ஏ. கலப்பற்ற உபகரணங்களுக்கான சர்வதேச நியமம் 2016 இல் வெளியானமைக்கு இந்த அவமானமும் ஒரு காரணம் எனலாம்.

கலப்படம் எப்போது ஆபத்தாகின்றது என்பதையும் விளக்கவேண்டும். மூல மாதிரியில் 150 கலங்களும் வெளியிலிருந்து வந்த ஒரு கலமும் இருந்தால், பெருக்கிய பின்னும் ஏறத்தாழ அதே விகிதமே நிலைக்கும். அந்நியக் கலத்தின் குரல் அமிழ்ந்துவிடும். ஆனால் மூல இரத்தம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்துபோயிருக்குமாயின், பெருகுவதற்கு எஞ்சுவது அந்த அந்நியக் கலம் மட்டுமே. அப்போது ஆய்வுகூடம் மிகத் தெளிவான, மிக அழகான, முற்றிலும் தவறான விடையொன்றைத் தரும்.

அமெரிக்க உதைபந்தாட்ட நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்சனின் வழக்கில் பிரதிவாதி தரப்பினர் பற்றிக்கொண்டது இதனைத்தான். 1994 ஜூனில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் கொலைசெய்யப்பட்ட இருவரின் உடல்கள் கிடந்த இடத்துக்கு அருகில் இரத்தத் துளிகள் சேகரிக்கப்பட்டன. ஈரமான துணித்துண்டுகள் பிளாஸ்ரிக் பைகளில் இடப்பட்டு, வெயிலில் நின்ற வாகனத்தில் மணிக்கணக்கில் வைக்கப்பட்டன. பின்னர் சிம்ப்சனிடமிருந்து எடுத்த இரத்தக் குழாய் திறக்கப்பட்ட அதே ஆய்வுகூடத்தில் அத்துண்டுகளும் கையாளப்பட்டன. சிதைந்துபோன மூல டி.என்.ஏ.யின் இடத்தைக் குழாயின் இரத்தம் பிடித்திருக்கலாம் என்பது வாதம். வேறு மாதிரிகளும் வேறு ஆய்வுகூடங்களும் அவரையே சுட்டின என அரச தரப்பு எடுத்துக்காட்டியது. இருந்தும் 1995 ஒக்டோபர் 3 ஆம் திகதி ஜூரிகள் அவரை விடுவித்தனர். எமது அபிப்பிராயத்தில், அந்த வழக்கு பி.சி.ஆர். முறையின் தோல்வியன்று. பைக்குள் இடமுன் துணியைக் காயவைக்காததன் தோல்வி. கொழும்பிலோ கொடிகாமத்திலோ காத்தான்குடியிலோ ஈரப்பதனும் வெக்கையும் லொஸ் ஏஞ்சலிஸை விட அதிகமென்பதைச் சொல்லவேண்டியதில்லை. நிழலிற் காயவைத்துக் கடதாசி உறையில் இடுவதற்குப் பெரும் பணம் எதுவும் தேவையில்லை.

நல்ல ஆய்வுகூடம் இதற்காகவே பல வேலிகளைப் போட்டுக்கொள்கின்றது. பெருக்குவதற்கு முந்திய வேலையும் பிந்திய வேலையும் தனித்தனி அறைகளில் நடைபெறும். சம்பவ இட மாதிரியும் சந்தேகநபரின் மாதிரியும் ஒரே மேசையில் ஒரே வேளையிற் திறக்கப்படமாட்டா. ஒவ்வொரு தொகுதியிலும் டி.என்.ஏ. எதுவும் இடாத வெற்றுக் குழாய் ஒன்று சேர்க்கப்படும். அந்த வெற்றுக் குழாயில் எதுவும் பெருகினால் முழுத் தொகுதியும் சந்தேகத்துக்குரியது. ஊழியர்களின் டி.என்.ஏ. விபரங்களும் பதிவில் இருக்கும். நீதிமன்றத்தில் இவை பற்றிக் கேட்பதற்குச் சட்டத்தரணிக்கு விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. வெற்றுக் குழாயின் பெறுபேறு எங்கே என்ற ஒரு வினாவே பல வழக்குகளிற் போதுமானது.

ஆசை மிகும்போது சிக்கலும் மிகும். மிகச் சொற்பக் கலங்களிலிருந்தும் விபரம் பெறலாம் என்ற நோக்கில் சுற்றுகளை 34 ஆக உயர்த்தும் முறை பிரித்தானியாவில் உருவானது. வட அயர்லாந்தின் ஓமா நகரில் 1998 இல் 29 பேரைப் பலிகொண்ட குண்டுவெடிப்பு வழக்கில் அம்முறை முன்வைக்கப்பட்டது. 2007 டிசெம்பரில் நீதிபதி குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்ததோடு, சான்றுப்பொருள்கள் கையாளப்பட்ட விதத்தையும் அம்முறையின் நம்பகத்தன்மையையும் கடுமையாக விமர்சித்தார். கலங்கள் மிகக் குறைவாக இருக்கையில் தாயின் எண் பெருகித் தந்தையின் எண் விடுபட்டுப்போகலாம். எங்கிருந்தோ வந்த ஓர் எண் புதிதாகத் தோன்றலாம். இருவர் மூவரின் இரத்தம் கலந்த கறையில் இது மேலும் குழப்பமாகும்.

டி.என்.ஏ. சொல்லாத விடயங்களும் உள. இரத்தம் யாருடையது என்பதை அது கூறும்; எப்போது சிந்தியது, எவ்வாறு அங்கு வந்தது, சிந்தியவர் தாக்கினாரா தாக்கப்பட்டாரா என்பதைக் கூறாது. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவரின் இரத்தத்தில் கொடையாளியின் டி.என்.ஏ.யே காணப்படும் என்ற விசித்திரமும் உண்டு. மேலும், பல கோடியில் ஒருவருக்கே பொருந்தும் என்று நிபுணர் கூறுவது, குற்றவாளியாக இல்லாதிருப்பதற்கு அவ்வளவுதான் வாய்ப்பு என்று பொருள்படாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிய தவறு பல நாட்டு நீதிமன்றங்களில் நிகழ்ந்திருக்கின்றது.

எமது நாட்டின் 1895 ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க இடமளிப்பதில்லை. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதற்கு விதிவிலக்கை உண்டாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த வாக்குமூலம் ஏற்கப்படலாயிற்று. அவ்விதிவிலக்கின் சுமையைத் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பல நன்கறியும். லெஸ்டரிலும் கொட்டதெனியாவயிலும் ஒப்புதல் பொய்யென்று தெரிந்தது, ஒப்பிட்டுப் பார்க்க உயிரியல் மாதிரி ஒன்று இருந்ததனாற்றான். மாதிரியே இல்லாத வழக்கில், வாக்குமூலத்தை மறுக்க பி.சி.ஆர். எதனையும் பெருக்கமுடியாது.

ஆகையினால் மாதிரியைப் பேணுவது பரிசோதிப்பதைப் போலவே முக்கியமானது. கறை முழுவதையும் ஒரே பரிசோதனையில் முடித்துவிடாமல், மறு தரப்பும் மீளப் பரிசோதிக்கத்தக்கவாறு ஒரு பகுதியை ஒதுக்கிவைப்பது நல்ல ஆய்வுகூடங்களின் வழக்கம். வழக்கு முடிந்த பின்னும் அது பயன்படும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒன்பது வயதுச் சிறுமியின் கொலைக்காக 1985 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டவர் கேர்க் பிளட்ஸ்வேர்த். அவரைக் கண்டதாக ஐந்து பேர் சாட்சியமளித்திருந்தனர். மறுவிசாரணையில் தண்டனை ஆயுட்காலச் சிறையாக மாறியது. சிறுமியின் ஆடையில் எஞ்சியிருந்த, அக்காலத்து முறைகளுக்கு எட்டாத மிகச் சிறிய உயிரியற் கறையொன்று பி.சி.ஆர். மூலம் பரிசோதிக்கப்பட்டு 1993 இல் அவர் விடுதலையானார். மரணதண்டனைக் கைதியாக இருந்து டி.என்.ஏ. சான்றினால் விடுவிக்கப்பட்ட முதல் அமெரிக்கர் அவரே. அந்த ஆடை அதன் பின்னரும் எறியப்படவில்லை. 2003 இல் மீண்டும் பரிசோதிக்கப்பட்ட தடயம் தரவுத்தளத்தில் ஒருவரைச் சுட்டியது. அவர் வேறொரு குற்றத்துக்காக, பிளட்ஸ்வேர்த் அடைக்கப்பட்டிருந்த அதே சிறைச்சாலையில் இருந்தவர்; நூலகப் பணியில் இருந்த பிளட்ஸ்வேர்த் அவருக்குப் புத்தகங்களும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கின்றார்.